டி.டி.பி. வேலைக்கு வர என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் டி.டி.பி. சென்டர் (டெஸ்க்டாப் பப்ளிஷிங், அதாவது அச்சுக்குப் போகும் பக்கங்களைக் கம்ப்யூட்டரில் தயார் செய்யும் கடை) நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், ஆடி மாதம் கூழ் ஊற்றும் நோட்டீஸ், பள்ளிக்கூடக் கேள்வித்தாள், அவ்வப்போது ஒரு புத்தகம் என்று எல்லா வேலையும் வரும். வேலை கொடுக்க வருகிறவர்களோடு, தொழில் கற்றுக்கொள்ளலாமா என்று விசாரிக்க வருகிறவர்களும் உண்டு. வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர் என்று எங்கிருந்து வந்தாலும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதிப் பதிலும் சேர்த்திருக்கிறேன். வரிசையாகப் படியுங்கள், பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் போகும்.

அக்கா, டி.டி.பி.ன்னா டைப் அடிக்கிறதுதானே?

டைப் அடிப்பது அதில் ஒரு பகுதி. கையெழுத்தில் வந்ததை வாங்கி, அடித்து, பிழை பார்த்து, பக்கமாக அமைத்து, வாடிக்கையாளரிடம் புரூஃப் (சரிபார்ப்பதற்கான பிரதி, தமிழில் மெய்ப்பு) காட்டி, அவர் சொல்லும் திருத்தங்களைப் போட்டு, அச்சகம் கேட்கும் விதத்தில் ஃபைல் தயார் செய்வது வரை எல்லாமே டி.டி.பி. வேலைதான். ஈய எழுத்துக் காலத்தில் கம்போசிட்டர், புரூஃப் ரீடர், பக்கம் கட்டுகிறவர் என்று தனித்தனி ஆட்கள் செய்ததை இப்போது ஒரே ஆள் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து செய்கிறார்.

நம் பகுதிக்கு இது புதுத் தொழில் இல்லை. அரசு மைய அச்சகம் தங்கசாலையில்தான் இருக்கிறது. ஆறுமுக நாவலர் 19-ஆம் நூற்றாண்டில் நடத்திய அச்சுக்கூடமும் அதே தங்கசாலையில்தான் இருந்தது. கல்யாணப் பத்திரிகைக்கும் காகிதத்துக்கும் இன்றைக்கும் ஊரே ஆண்டர்சன் தெருவுக்குத்தான் வருகிறது. வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறீர்கள். அது உங்களுக்குப் பெரிய வசதி.

என்ன படிச்சிருக்கணும்? பத்தாவது போதுமா?

கடைகளில் வேலைக்குச் சேரப் பத்தாவது போதும். யாரும் சான்றிதழைப் பார்க்க மாட்டார்கள், ஒரு பக்கத்தைக் கொடுத்து அடித்துக் காட்டச் சொல்வார்கள். முறையாகப் படிக்க நினைத்தால், ஐ.டி.ஐ.க்களில் டெஸ்க்டாப் பப்ளிஷிங் ஆபரேட்டர் என்று ஓராண்டுப் பயிற்சி இருக்கிறது. தரமணியில் அச்சுத் தொழில்நுட்பத்துக்கென்றே அரசுப் பாலிடெக்னிக் இருக்கிறது. கிண்டி பொறியியல் கல்லூரியில் அச்சு, பேக்கேஜிங் தொழில்நுட்பத்தில் பி.இ. படிப்பே இருக்கிறது. மூன்றும் மூன்று உயரம். எது உங்கள் மதிப்பெண்ணுக்கும் வீட்டு நிலைமைக்கும் ஒத்துவருமோ அதை எடுங்கள்.

அரசு வேலை மேல் கண் இருந்தால் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தட்டச்சுத் தேர்வுகளைத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் எழுதிவிடுங்கள். ஆங்கிலத்தில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல் வேண்டும். இளநிலை தேறினால் அதே இயக்ககத்தின் கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன் தேர்வையும் எழுதலாம். தட்டச்சர் பணிக்கு அதைக் கேட்கிறார்கள்.

மூன்று மாதத்தில் எல்லா சாஃப்ட்வேரும் சொல்லித் தருகிறோம் என்று போர்டு வைத்த இடங்களில் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒன்றை விசாரியுங்கள்: நிஜமாக அச்சுக்குப் போகிற வேலையை மாணவர்கள் கையில் கொடுப்பார்களா? கொடுக்க மாட்டார்கள் என்றால் அங்கே மெனு எது எங்கே இருக்கிறது என்பதை மட்டும்தான் கற்றுக்கொள்வீர்கள்.

எந்த கீபோர்டு கத்துக்கறது? ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்றாங்க.

தட்டச்சுத் தேர்வு எழுதுகிறவர்கள் டைப்ரைட்டர் முறையைத்தான் பழக வேண்டும், வேறு வழி இல்லை. அது கையில் வந்துவிட்டால் பாமினி என்ற பழைய எழுத்துருவின் கீபோர்டும் கிட்டத்தட்ட வந்த மாதிரிதான், இரண்டின் அமைப்பும் நெருக்கமானது. நம் பக்கத்துக் கடைகளில் பாதிப் பேர் இன்னும் இந்த இரண்டில் ஒன்றில்தான் அடிக்கிறார்கள்.

தேர்வு எழுதும் எண்ணம் இல்லை, இப்போதுதான் ஆரம்பிக்கிறேன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு தமிழ்99 பழகுங்கள். 1999-ல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் இடது கைக்கும் மெய்கள் வலது கைக்கும் வரும். ‘பக்கம்’ என்று அடிக்க ப, க, க, ம, புள்ளி என்று ஐந்து தட்டு போதும். ஒரே எழுத்தை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ங-வுக்குப் பின் க, ந-வுக்குப் பின் த, ன-வுக்குப் பின் ற வந்தாலும் அப்படியே. நாள் முழுக்க அடிக்கிறவர்களுக்கு இந்தச் சின்னச் சலுகை விரலுக்கு எவ்வளவு நிம்மதி என்று பழகிய பிறகு தெரியும். என்.எச்.எம். ரைட்டர், அழகி மாதிரி இலவச மென்பொருள்களில் எல்லா முறைகளும் இருக்கின்றன.

நான் போன்ல தங்லீஷ்ல செம வேகமா அடிப்பேன். அதையே வச்சு ஓட்டிடலாமா?

சொந்த மெசேஜுக்கு ஓட்டலாம், பிழைப்புக்கு வேண்டாம். தங்லீஷில் அடிக்கும்போது மனசு ஒவ்வொரு சொல்லையும் ஆங்கில எழுத்தில் நினைத்துப் பிறகு தமிழுக்கு வருகிறது. ல, ள, ழ மூன்றும், ந, ன, ண மூன்றும், ர, ற இரண்டும் அந்த வழியில்தான் குழம்புகின்றன. பட்டியலில் வருகிற சொல்லைத் தட்டித் தட்டி எடுக்கிற பழக்கமும் சேர்ந்துகொண்டால், கண் தமிழ் எழுத்தைப் பார்ப்பதையே விட்டுவிடும். கைப்பிரதியைப் பார்த்து, கீபோர்டைப் பார்க்காமல் அடிக்கத் தெரிந்தவரைத்தான் கடைக்காரர் வேலைக்கு எடுப்பார். முதல் சில வாரம் வேகம் குறையும், பரவாயில்லை.

பாமினி, வானவில், யுனிகோடு... எல்லாம் ஃபாண்ட்தானே? என்ன வித்தியாசம்?

பாமினி, வானவில் மாதிரியான பழைய எழுத்துருக்களில் கம்ப்யூட்டருக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான். அதன் மேல் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்த ஃபைலை அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள்: ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி என்றுதான் தெரியும். ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு எழுத்துகளை அடுக்கியதால் ஒன்றில் அடித்தது மற்றொன்றில் குப்பையாகத் தெரியும்.

யுனிகோடு என்பது எழுத்துரு இல்லை, எண் முறை. தமிழ் ‘அ’ என்றால் உலகம் முழுக்க எல்லாக் கருவியிலும் ஒரே எண். அதனால்தான் போனில் அடித்தது கம்ப்யூட்டரில் சரியாகத் தெரிகிறது, தேடினால் கிடைக்கிறது. தமிழ்நாடு அரசும் 2010-ல் யுனிகோடையும் அச்சு வேலைகளுக்காக டேஸ்16 என்ற முறையையும் தரமாக அறிவித்தது. நீங்கள் யுனிகோடில் வேலை செய்யுங்கள். ஆனால் பழைய முறை ஃபைல் வந்தால் திருப்பி அனுப்பாத அளவுக்கு அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பேஜ்மேக்கர் இன்னும் கத்துக்கணுமா? அது பழசாயிடுச்சே?

பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-ல். அதில் யுனிகோடு வேலை செய்யாது. இருந்தாலும் நம் ஊர்ச் சின்ன அச்சகங்களில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, ஏனென்றால் வருடக்கணக்கான பழைய வேலைகள் அதில் கிடக்கின்றன. ஒரு வாரம் ஒதுக்கி, திறக்கவும் திருத்தவும் பிரிண்ட் எடுக்கவும் தெரிந்துகொண்டால் போதும். நேரத்தைச் செலவழிக்க வேண்டியது இன்டிசைனில், கோரல் டிராவில், கொஞ்சம் போட்டோஷாப்பில். புத்தகம், வார மாத இதழ்களுக்கு இன்டிசைன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், போஸ்டருக்குக் கோரல். படத்தைச் சரிசெய்ய போட்டோஷாப். காசு கொடுத்து வாங்க முடியாதவர்கள் ஸ்கிரைபஸ் என்ற இலவச மென்பொருளில் பழகலாம். அதன் 1.6 பதிப்பு தமிழைச் சரியாகக் காட்டுகிறது.

வேர்டை அலட்சியமாக நினைக்க வேண்டாம். கேள்வித்தாள் வேலை முழுக்க அதில்தான் வரும். கணக்குச் சமன்பாடுகளைச் சுத்தமாகப் போடத் தெரிந்த ஆளைப் பள்ளிக்கூடங்கள் விடவே மாட்டார்கள்.

இன்டிசைன்ல தமிழை ஒட்டினா எழுத்தெல்லாம் பிச்சுக்குது. சாஃப்ட்வேர் கெட்டுப் போச்சா?

கெடவில்லை. ‘கொ’ என்று எழுதினால் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். இந்த வரிசையை மாற்றி அடுக்கும் வேலையை ஆங்கிலத்துக்கான கம்போசர் செய்யாது. பாராகிராப் பேனலின் மெனுவுக்குப் போய் வேர்ல்ட் ரெடி கம்போசர் என்பதைத் தேர்ந்தெடுங்கள், எல்லாம் இடத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு தடவையும் தேடாமல் இருக்க, பாராகிராப் ஸ்டைலிலேயே அதை வைத்துவிடுங்கள். போட்டோஷாப்பின் சில பதிப்புகளிலும் இதற்கு ஒரு தேர்வு இருக்கிறது.

தமிழ் எனக்கு நல்லாப் பேச வரும். இலக்கணமெல்லாம் எதுக்கு? கொடுத்ததை அடிக்கப் போறேன்.

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கொஞ்சம் அழுத்திப் பதில் சொல்வேன். வடசென்னையில் வேகமாக டைப் அடிக்கிறவர்கள் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார். பிழையில்லாமல் கொடுக்கிறவரைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கல்யாண வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்ததில் பிழை இருந்தால் அது அவர் பிழைதான். ஆனால் ஐந்நூறு பத்திரிகை அச்சாகி வந்த பிறகு சொந்தக்காரர் ஒருவர் சுட்டிக்காட்டினால், அவர் கேட்பது ‘எங்கே அடிச்சீங்க?’ என்றுதான்.

ஒரு உதாரணம். ‘திருவளர்ச்செல்வன்’, ‘திருநிறைச்செல்வி’ என்று எத்தனையோ பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். வளர்செல்வன், நிறைசெல்வி இரண்டும் வினைத்தொகை. அங்கே ஒற்று மிகாது. ‘திருவளர்செல்வன்’, ‘திருநிறைசெல்வி’ என்பதுதான் சரி. இனி அந்த வீட்டில் கல்யாணத்துக்குத் தம்பி தங்கை இருந்தால் திருவளர், கடைசிக் கல்யாணம் என்றால் திருநிறை என்று போடும் வழக்கமும் உண்டு. அதைக் கேட்டு வாங்கிப் போடுகிற ஆளைப் பெரியவர்கள் மறக்கவே மாட்டார்கள். ஒற்று பொருளையே மாற்றிவிடும் இடங்களும் உண்டு. ‘தந்த பலகை’ என்றால் யாரோ கொடுத்த பலகை, ‘தந்தப் பலகை’ என்றால் யானைத் தந்தத்தில் செய்த பலகை.

பெரிய இலக்கண நூல் எல்லாம் வேண்டாம். பத்தாம் வகுப்பு வரைக்குமான தமிழ்ப் பாடநூல்களில் இருக்கும் புணர்ச்சிப் பகுதியைத் திரும்பப் படியுங்கள். பக்கத்தில் நல்ல அகராதி ஒன்று இருக்கட்டும். தினமும் அச்சில் ஏதாவது ஒரு பக்கத்தைச் சத்தம் போட்டுப் படியுங்கள்.

புரூஃப் பார்க்கறப்ப எதை முதல்ல பார்க்கணும்?

முதலில் பெயர், தேதி, கிழமை, நேரம், இடம், போன் நம்பர். இவற்றில் விழும் பிழையை யாரும் மன்னிக்க மாட்டார்கள். காலண்டரைத் திறந்து ஆங்கிலத் தேதியும் தமிழ்த் தேதியும் கிழமையும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். போன் நம்பரை நீங்களே ஒரு தடவை அடித்துப் பார்த்துவிடுங்கள். நம் பகுதியில் தெலுங்குப் பெயர், உருதுப் பெயர், கிறிஸ்தவப் பெயர் எல்லாம் கலந்து வரும். பெயர்களை மட்டும் வாடிக்கையாளரே தன் கையால் எழுதித் தரச் சொல்லுங்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ராத்திரி பத்து மணிக்கு அழுதுகொண்டே வந்து கொடுக்கிற வேலை. அவர்களால் அந்த நிலையில் சரிபார்க்க முடியாது. தோற்றம், மறைவு தேதிகளையும் இறந்தவரின் வயதையும் நீங்கள்தான் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும்.

அப்புறம் கண்ணை ஏமாற்றும் எழுத்துகள். ர-வும் துணைக்காலும் பல எழுத்துருக்களில் ஒரே மாதிரி இருக்கும். ‘ஔவை’ என்பதில் ஔ ஒரே எழுத்து. ஒ-வையும் ள-வையும் தனித்தனியாக அடித்து ‘ஒளவை’ என்று விட்டுவிடுவார்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் தேடினால் கிடைக்காது. திரையில் பார்ப்பதோடு நிறுத்தாமல் ஒரு பிரிண்ட் எடுத்து, ஒருவர் மூலத்தைப் படிக்க மற்றவர் புரூஃபைப் பார்ப்பது இன்றைக்கும் நல்ல வழி. எல்லாம் முடிந்ததும் ‘சரி பார்த்துவிட்டேன், அச்சடிக்கலாம்’ என்று வாடிக்கையாளரிடம் கையெழுத்தோ வாட்ஸ்அப் மெசேஜோ வாங்காமல் ஃபைலை அனுப்பாதீர்கள்.

பக்கம் அழகா வர ஏதாவது ட்ரிக் இருக்கா?

ஒரு பக்கத்துக்கு இரண்டு எழுத்துரு போதும். புதிதாக வருகிற பிள்ளைகள் ஒரே நோட்டீஸில் ஆறு எழுத்துரு, நான்கு நிறம், எல்லாவற்றுக்கும் நிழல் என்று போட்டு நிரப்புவார்கள். கூழ் ஊற்றும் நோட்டீஸை ஒட்டுவது சுவரில். நடந்து போகிறவருக்கு அம்மன் பெயரும் நாளும் இடமும் தெரிந்தால் போதும்.

புத்தகத்துக்கு வந்தால், தமிழில் மேலே கொக்கியும் கீழே சுழியும் இருப்பதால் வரிகளுக்கு இடையில் ஆங்கிலத்தைவிட அதிக இடம் வேண்டும். எழுத்து 11 பாயின்ட் என்றால் வரி இடைவெளி 15 வரை வைத்துப் பாருங்கள். கூடவே வரும் ஆங்கிலச் சொல் பல எழுத்துருக்களில் பெரிதாகத் துருத்தும், ஒரு பாயின்ட் குறைத்தால் அடங்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால் நடுவில் ஓட்டை ஓட்டையாக வெள்ளை விழும். சொல்லை உடைக்கலாம், ஆனால் அடுத்த வரி புள்ளி எழுத்தில் தொடங்கக் கூடாது, ஒற்றை எழுத்து மட்டும் தனியாகப் போய் நிற்கக் கூடாது. பத்தியின் கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்தின் தலையில் போய் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்கிரீன்ல பளிச்சுன்னு இருந்த கலர் பிரிண்ட்ல மங்கிடுது. அப்புறம் போட்டோவும் உடைஞ்சு வருது. யார் தப்பு?

திரை ஒளியில் நிறம் காட்டுகிறது, அச்சு மையில் காட்டுகிறது. திரையில் தெரிகிற சில பளபளப் பச்சையும் நீலமும் நான்கு மையைக் கலந்தாலும் வரவே வராது. வேலையை ஆரம்பிக்கும்போதே ஃபைலை நான்கு வண்ண அச்சு முறையில், அதாவது சி.எம்.ஒய்.கே.யில் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு எழுத்து கறுப்பு மையில் மட்டும் இருக்க வேண்டும். நான்கு மையும் சேர்ந்த கறுப்பாகப் போனால், பிளேட் துளி நகர்ந்தாலும் சின்ன எழுத்தெல்லாம் இரட்டையாகத் தெரியும்.

போட்டோ உடைவதற்குப் பெரும்பாலும் காரணம் வாட்ஸ்அப். படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். அச்சில் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். நான்கு அங்குல அகலத்தில் மாப்பிள்ளை பெண் படம் போட 1,200 புள்ளி அகலம் இருக்க வேண்டும். தூரத்தில் நின்று பார்க்கிற ஃபிளெக்ஸுக்கு இவ்வளவு தேவையில்லை. ஓரம் வரை நிறம் வருகிற வேலையில் நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள், இல்லையென்றால் வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியும். அனுப்புவதற்கு முன் எழுத்துகளை கர்வாக (வெறும் வரைகோடுகளாக) மாற்றுங்கள், அல்லது எழுத்துரு சேர்த்த பி.டி.எஃப். ஆகக் கொடுங்கள்.

புத்தகம் செய்யணும்னு போனா ‘எத்தனை ஃபாரம்’னு கேக்கறாங்க. அப்படின்னா?

பெரிய தாளில் பல பக்கங்களைச் சேர்த்து அடித்து மடிக்கிறார்கள். பதினாறு பக்கம் கொண்ட மடிப்பு ஒரு ஃபாரம். டெமி 1/8, அதாவது ஐந்தரைக்கு எட்டரை அங்குலப் புத்தகம் 100 பக்கம் வந்தால் ஆறு ஃபாரத்துக்கு மேல் நான்கு பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். ஒன்று 96-க்கு அடக்க வேண்டும், அல்லது அரை ஃபாரம் சேர்த்து 104 ஆக்க வேண்டும். வரி இடைவெளியில் அரை பாயின்ட் குறைத்தாலே பல சமயம் அடங்கிவிடும். இதை ஆரம்பத்திலேயே பதிப்பாளரிடம் சொல்லத் தெரிந்தவருக்கு அடுத்த புத்தகமும் வரும்.

பக்கங்களை அச்சு வரிசையில் அடுக்குவதை அச்சகமே செய்துகொள்ளும், நீங்கள் ஒவ்வொரு பக்கமாக வரிசையில் கொடுத்தால் போதும். சின்ன மலர்களை நீங்களே அடித்து நடுவில் பின் போடுவதாக இருந்தால் ஒரு கணக்கு நினைவில் இருக்கட்டும்: 16 பக்க மலரை அடிக்கும்போது தாளின் ஒரே முகத்தில் அருகருகே வரும் இரு பக்க எண்களின் கூட்டல் எப்போதும் 17. ஒன்றுக்குப் பக்கத்தில் பதினாறு, இரண்டுக்குப் பக்கத்தில் பதினைந்து.

மாசம் எவ்வளவு கிடைக்கும்?

கடையில் சேர்ந்தால் மாதச் சம்பளம். ஆரம்பத்தில் குறைவாகத்தான் இருக்கும், அதை மறைப்பதில் அர்த்தமில்லை. தனியாக எடுத்துச் செய்யும்போது டைப்பிங், லே-அவுட் இரண்டும் பக்கக் கணக்கு, பத்திரிகையும் போஸ்டரும் வேலைக் கணக்கு. வெறும் டைப்பிங்குக்குக் கிடைக்கும் பணம் எல்லாவற்றிலும் குறைச்சல். இரண்டு மொழிக் கேள்வித்தாள், அட்டவணை நிறைந்த வேலை, புத்தக லே-அவுட், மெய்ப்புத் திருத்தம் இவற்றுக்குத்தான் நல்ல விலை.

விலை பேசும்போதே திருத்தத்தைப் பற்றிப் பேசிவிடுங்கள். உங்கள் பிழையைத் திருத்தக் காசு வாங்கக் கூடாது. வாடிக்கையாளர் புரூஃபில் புதிதாக ஒரு பத்தி சேர்த்தால் கட்டாயம் வாங்க வேண்டும். கடைசி நேரத்தில் மாமா பெயர், சித்தப்பா பெயர் என்று சேர்ந்துகொண்டே போகும், எத்தனை புரூஃப் வரை இந்த விலை என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது.

ஏம்மா, என் பொண்ணுக்குக் கல்யாணமாகிக் கைக்குழந்தை இருக்கு. வீட்லயிருந்தே செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம்மா. டைப்பிங், புரூஃப், புத்தக லே-அவுட் மூன்றும் வீட்டிலிருந்தே செய்யக்கூடியவை. எட்டு ஜி.பி. ரேம், எஸ்.எஸ்.டி. உள்ள சாதாரண கம்ப்யூட்டர் ஒன்றும், நல்ல நாற்காலியும் இருந்தால் ஆரம்பிக்கலாம். ஆனால் முதல் ஆறு மாதமாவது ஒரு கடையிலோ அச்சகத்திலோ உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். பிளேட் எப்படிப் போடுகிறார்கள், தாள் எப்படி வெட்டுகிறார்கள் என்று நேரில் பார்க்காதவருக்கு மேலே சொன்ன 3 மில்லிமீட்டரும் ஃபாரக் கணக்கும் வெறும் விதியாகவே இருக்கும்.

எனக்கு வயசு அம்பத்தஞ்சு. ஈய எழுத்துல கம்போஸ் பண்ணவன். இனிமே கத்துக்க முடியுமா?

ஐயா, இந்தத் தொழிலில் கற்றுக்கொள்ளக் கடினமான பாதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. எழுத்தைத் தலைகீழாகப் படித்துப் பழகிய கண்ணுக்குத் துணைக்காலும் ர-வும் குழம்பாது. மவுஸும் கீபோர்டும் பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும், அவ்வளவுதான். வேகத்தில் இளம்பிள்ளைகளோடு போட்டி போட வேண்டாம். மெய்ப்புத் திருத்துகிறவராக வாருங்கள். பி.டி.எஃப். கோப்பில் குறிப்பு எழுத மட்டும் கற்றுக்கொண்டால் போதும். உங்களைப் போன்றவர்களைத்தான் சின்னப் பதிப்பகங்கள் தேடிக்கொண்டிருக்கின்றன.

போன்ல பேசினாலே டைப் ஆகுது, கேன்வால டிசைன் ஆகுது. இந்தத் தொழில் நிக்குமா?

வெறும் டைப்பிங்கை நம்பியிருப்பவர்களுக்கு வேலை குறைந்துவிட்டது, உண்மைதான். நானே நீளமான கைப்பிரதிகளைப் பேசித்தான் ஏற்றுகிறேன், பழைய அச்சுப் பக்கங்களைப் படம் எடுத்து எழுத்தாக்குகிறேன். ஆனால் அப்படி வந்ததில் ஒற்று இருக்காது, ‘அவள் பள்ளிக்கு’ என்பது ‘அவல் பல்லிக்கு’ என்று கிடக்கும், பத்தி பிரிந்திருக்காது. அதைச் சரிசெய்ய இலக்கணம் பற்றி மேலே சொன்ன எல்லாம் வேண்டும். கேன்வாவில் வீட்டிலேயே பத்திரிகை செய்து கொண்டுவருகிறவர்களும் வருகிறார்கள். நிறமும் ஓரமும் சரியில்லாமல் அச்சகம் திருப்பி அனுப்பியதும் அதே பத்திரிகை நம் மேஜைக்குத்தான் வருகிறது. பிளேட் போடுவதற்கு முன்னால் கடைசியாகப் பார்க்கிற கண் யாருடையது என்பதுதான் கேள்வி. அந்தக் கண்ணுக்கு வேலை இருக்கிறது.

பழைய பாமினி ஃபைலை யுனிகோடுக்கு மாத்தினா பக்கத்துக்குப் பத்துத் தப்பு வருது. ஏன்?

பாமினியில் இருப்பது ஆங்கில எழுத்து என்று முன்பே சொன்னேன். நடுவில் நிஜமாகவே ஆங்கிலச் சொல் இருந்தால், மாற்றித் தரும் மென்பொருள் அதையும் தமிழாக நினைத்து உளறலாக்கிவிடும். அதனால் மாற்றுவதற்கு முன்பே ஆங்கிலப் பகுதிகளைக் குறித்து வைத்துக்கொண்டு தனியாக ஒட்டுங்கள். மேற்கோள் குறி, கோடு, ஸ்ரீ போன்றவை இன்னொரு தொல்லை. பழைய எழுத்துருவில் அவை எங்கெங்கோ இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத பிழையும் உண்டு. ‘கொ’-வில் ககரத்தோடு சேரும் ஒகரத்தை யுனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு ஒன்று கால் ஒன்று என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். பார்க்க ஒன்றுதான், ஆனால் சில மென்பொருள்களில் தேடினால் பாதிதான் கிடைக்கும். மாற்றியதும் கண்டுபிடித்து மாற்றும் வசதியால் எல்லாவற்றையும் ஒரே குறிக்குக் கொண்டுவந்துவிட்டு, அதன் பிறகு புரூஃப் படியுங்கள்.

தேர்தல் நோட்டீஸ் கொண்டுவந்து ‘பிரஸ் பேர் போடாதீங்க’ன்னு சொல்றாங்க. தெரிஞ்ச ஆளு, என்ன செய்யறது?

யாராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 127ஏ படி தேர்தல் துண்டறிக்கையிலும் போஸ்டரிலும் அச்சிடுபவர், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வெளியிடுகிறவர் தான் யார் என்று எழுதிக் கையெழுத்திட்டு, அவரை நேரில் அறிந்த இரண்டு பேர் சான்றொப்பமிட்ட அறிவிப்பை இரண்டு பிரதிகளாக உங்களிடம் தர வேண்டும். சென்னையில் அச்சிட்டால், அதில் ஒன்றையும் அச்சான தாளில் ஒன்றையும் அச்சிடுபவர் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

‘நான் பிரஸ் இல்லை, ஜெராக்ஸ்தான் போடுகிறேன்’ என்பதும் செல்லாது. கையால் எழுதிப் படியெடுப்பதைத் தவிர மற்ற எந்த வழியில் பிரதி எடுத்தாலும் அது அச்சிடுவதாகத்தான் கொள்ளப்படும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது.

சர்டிஃபிகேட் ஸ்கேன் கொண்டுவந்து ‘ஒரே ஒரு நம்பரை மாத்திக் குடு’ன்னு கெஞ்சறாங்க. பாவமா இருக்கு.

பாவமாகத்தான் இருக்கும். ஒரு பையன் பிறந்த தேதி தப்பாக இருப்பதால் வேலை போய்விடும் என்று நிற்பான். ஆனாலும் தொடாதீர்கள். அது போலி ஆவணம் தயாரிக்கும் குற்றம். செய்யச் சொன்னவரோடு செய்தவரும் மாட்டுவார். மதிப்பெண் சான்றிதழில் பிழை இருந்தால் படித்த பள்ளியின் தலைமையாசிரியர் மூலமாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது என்று சொல்லி, வேண்டுமானால் அந்த விண்ணப்பத்தை நன்றாக டைப் செய்து கொடுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு பழக்கம்: ஆதார், பான், சான்றிதழ் என்று பிரிண்ட் எடுக்க வருகிற எதையும் கம்ப்யூட்டரில் வைத்திருக்காதீர்கள். வாடிக்கையாளர் நிற்கும்போதே டவுன்லோடு ஃபோல்டரிலிருந்தும் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழித்துவிடுங்கள், கடை வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் அங்கேயும்.